ஜாக்கிரதை வீட்டில் முப்பது நாள்

சோதனை அதிகாரி பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி எட்டே கால். மொட்டை என்கிற எந்திரத்தின் முதுகுத் தகடு மாமனாரின் மடியில் இருந்தது.

"மாமா! என்ன இது?"

"தகடு," என்றார் மாமனார், நிமிராமலே.

"அது தெரியுது. அது ஏன் உங்க மடியில இருக்கு?"

"ரெண்டு நாளா உள்ள கிர்ருனு ஒரு சத்தம் மாப்பிள்ளை. என்னன்னு பாத்தேன். இப்பக் கேளுங்க, சத்தமே இல்ல."

"தகட்டைக் கழட்டினா மிஷின் தானா நின்னுடும் மாமா! அப்புறம் எங்கேருந்து சத்தம் வரும்?"

"பதறாதீங்க. முப்பத்தஞ்சு வருஷம் ரேடியோ ரிப்பேர் பண்ண கை இது."

அந்தக் கை பத்தே நிமிடத்தில் தகட்டைத் திரும்ப மாட்டியது. பிறகு அதே கை மெதுவாக விரிந்தது. உள்ளங்கையில் ஒரு ஸ்க்ரூ.

"உங்க கம்பெனியில ஒண்ணு கூடுதலாப் போட்டுட்டாங்க போல," என்றார்.

ஜாக்கிரதை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஜாக்கிரதை என்பது அவருடைய பெயரல்ல. ஆனால் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. வீட்டு வேலை செய்யும் எந்திரங்களைத் தயாரிக்கிற ஒரு சின்னப் பட்டறையில் எச்சரிக்கை எழுதுவதுதான் அவர் வேலை. ஈரக் கையால் தொடாதீர், மேலே ஏறி நிற்காதீர், உள்ளே விரலை விடாதீர் என்று மஞ்சள் ஸ்டிக்கரில் கறுப்பு எழுத்தில் வருமே, அதெல்லாம் அவர் கைவண்ணம்.

எழுதுவதோடு நிற்கிற ஆளா அவர்? ஒட்டவும் செய்வார். ஆபீஸ் தண்ணீர் மிஷினில் 'வெந்நீர், கவனம்' என்று சுற்றிச் சுற்றி ஒட்டியதில் எது வெந்நீர்க் குழாய், எது பச்சைத் தண்ணீர்க் குழாய் என்று யாருக்கும் தெரியாமல் போய், வரவேற்பறைப் பெண் நாக்கைச் சுட்டுக்கொண்டாள். லிஃப்டில் 'அவசரத்துக்கு மட்டும்' என்று அவர் ஒட்டிய ஸ்டிக்கர் அபாய பட்டன் மேலேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேர் நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டு பட்டனைத் தேடினார்கள். "எச்சரிக்கையை முழுசாப் படிச்சிருக்க மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு ஜாக்கிரதை இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டினார்.

இந்த வருடம் புதுச் சட்டம் வந்தது. தானாக யோசித்து வேலை செய்கிற எந்திரத்தால் யாருக்காவது அடிபட்டால், அதைச் செய்தவர்தான் பொறுப்பு. வாங்கினவர் தப்பாகப் பயன்படுத்திவிட்டார் என்று இனிமேல் கையை விரிக்க முடியாது. வாங்குகிறவர் என்னென்ன கோணங்கித்தனமெல்லாம் பண்ணுவார் என்று முன்கூட்டியே யோசித்து, அதையும் தாங்குகிற மாதிரி செய்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் முப்பது நாள் வைத்திருந்து, அதிகாரி வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் கடைக்கு அனுப்பலாம்.

பட்டறையில் இருநூறு எந்திரங்கள் துணி போர்த்தி வரிசையாக நின்றன. சான்றிதழ் வராவிட்டால் மாதக் கடைசியில் பட்டறைக்குப் பூட்டு. முப்பத்தெட்டுப் பேருக்கு வேலை போகும். அதில் ஒருவர் ஜாக்கிரதை.

முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். இவர் உள்ளே நுழைந்ததும் கையில் இருந்த ஒரு கடிதத்தைச் சட்டென்று மடித்து மேஜை டிராயருக்குள் போட்டார்.

"மிஷினை உங்க வீட்லதான் வெச்சு சோதிக்கப் போறோம்."

"எங்க வீட்லயா?"

"எல்லார் வீட்டையும் யோசிச்சுப் பாத்துட்டேன். உங்க வீடுதான் சரின்னு தோணுச்சு. மாமனார் இப்பவும் உங்ககூடத்தானே இருக்கார்?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்காரா? கை கால் எல்லாம் சுறுசுறுப்பா?"

"அதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லம்மா."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் முதலாளியம்மா. உண்மையிலேயே அவர் முகம் மலர்ந்தது. பெரியவர்கள் மேல் இவ்வளவு அக்கறையா என்று ஜாக்கிரதை நெகிழ்ந்துபோனார். முப்பத்தெட்டு வீடுகளில் தன் வீடு! வாசல்படி இறங்கும்போது அவருக்கு நெஞ்சு இரண்டு விரற்கடை கூடுதல் அகலமாகிவிட்டது.

எந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கிய வேன் டிரைவர்கூட வீட்டை நின்று நிதானமாகப் பார்த்தார். ஹாலின் குறுக்கே கட்டியிருந்த துணிக்கொடியைப் பார்த்தார். ஒரே பிளக்கில் தொங்கிய ஆறு ஒயரைப் பார்த்தார். சோபா மேலிருந்து தரைக்குக் குதித்த ஜாக்கிரதையின் மகளைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டைப் பெட்டியைக் கையாலேயே கிழித்துக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்தார்.

"சார், இதுதான் சரியான வீடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எந்திரம் இடுப்பு உயரம். கீழே சக்கரம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கை, மேலே வழவழவென்று ஒரு தலை, அதன் நெற்றியில் பொட்டளவுக்கு இரண்டு கறுப்புக் கண். மகள் பார்த்த மாத்திரத்தில் மொட்டை என்று பேர் வைத்துவிட்டாள். துணி மடிக்கும், வீடு பெருக்கும், கீழே கிடப்பதை எடுத்து இடத்தில் வைக்கும். ஏதாவது கோளாறு என்றால் அப்படியே நின்றுவிட்டு, "நான் நின்றுவிட்டேன். தயவுசெய்து என்னைக் கவனிக்கவும்," என்று சொல்லும். அந்த வாக்கியத்தை எழுதியவரும் ஜாக்கிரதைதான். எழுதியபோது பெருமையாக இருந்தது. இந்த ஒரு மாதத்தில் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது.

எந்திரத்தோடு ஒரு பதிவேடும் வந்திருந்தது. நாளுக்கு ஒரு பக்கம். இருபத்தொன்பது பக்கத்திலும் அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில் 'சம்பவம் எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தார்.

சம்பவம் இல்லையாவது! ஒரு வேளை கூடச் சம்பவமில்லாமல் போனதில்லை. மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. காலையில் நிற்க நேரமிருக்காது. கொடியில் இடமில்லையென்றால் ஈரத் துணியை மொட்டையின் கையில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். மகளுக்குச் சமையலறையிலிருந்து வாசல் வரை மொட்டை மேல் சவாரி. மாமனாருக்கு ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்தால் போதும், பசி தூக்கம் தெரியாது. ஆனால் இதையெல்லாம் சம்பவம் என்று எப்படி எழுதுவது? வீட்டுப் பழக்கமாயிற்றே என்று ஜாக்கிரதை தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் முதலாளியம்மா போன் செய்வார்.

"இன்னிக்கு ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணுமே இல்லம்மா. வீடு கோயில் மாதிரி இருக்கு."

"ஒண்ணுமேவா?"

"துளிகூட இல்லம்மா."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்கும். பாவம், இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறார் என்று ஜாக்கிரதை நினைத்துக்கொள்வார்.

இப்போது முப்பதாம் நாள். கையில் ஒரு ஸ்க்ரூ.

"சரி, போனது போகட்டும்," என்று ஜாக்கிரதை தன் பையைத் திறந்தார். அதிகாரி வருகிற நாளில் மொட்டை எடுப்பாக இருக்க வேண்டும் என்று புதிதாக ஒரு ஸ்டிக்கர் எழுதி வைத்திருந்தார். ஏற்கெனவே அறுபது ஒட்டியாகிவிட்டது. முதுகு, வயிறு, கை, சக்கரத்தின் மூடி எங்கும் இடமில்லை. நெற்றியில் மட்டும் கொஞ்சம் பாக்கி இருந்தது. எழுதியதை ஒருமுறை வாசித்து ரசித்துவிட்டு, அங்கே ஒட்டி, சுருக்கம் விழாமல் தடவிவிட்டார்.

பட்டனை அழுத்தினார். மொட்டை கிளம்பியது. நேராகப் போகாமல் இடப்பக்கமாக ஒரு வட்டம் போட்டது. மறுபடி ஒரு வட்டம். மூன்றாவது வட்டத்தில் சோபாவைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றது.

"நான் நின்றுவிட்டேன். தயவுசெய்து என்னைக் கவனிக்கவும்."

"எல்லாம் அந்த ஸ்க்ரூ!" என்று ஜாக்கிரதை தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு பக்கம் கனம் குறைஞ்சு போச்சு மாமா!"

"ஒரு ஸ்க்ரூவுலயா?"

"பின்ன? காலையில நேராத்தானே போச்சு?"

மனைவி கையில் பிழிந்த துணிகளோடு வந்து நின்றாள். "கனம்தானே குறைவு? இந்தாங்க," என்று நனைந்த போர்வை ஒன்றை மொட்டையின் வலக்கையில் தொங்கவிட்டாள். "கனத்துக்குக் கனமும் ஆச்சு, எனக்குத் துணி காயவும் ஆச்சு."

மொட்டை இப்போது வட்டம் போடவில்லை. வலப்பக்கம் சாய்ந்துகொண்டு நொண்டி நொண்டிப் போனது. போர்வையிலிருந்து வழிந்த தண்ணீர் ஸ்க்ரூ இல்லாத ஓட்டை வழியாக உள்ளே இறங்கியது.

"நான் நின்று. நான் நின்று. நான் நின்று."

"ஐயையோ, திக்குதே!" என்றாள் மகள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஹேர் டிரையரைக் கொண்டா, சீக்கிரம்!" என்று கத்தினார் ஜாக்கிரதை. ஓட்டையில் வாயை வைக்காத குறையாகக் குனிந்து சூட்டுக் காற்று அடித்தார். ஈரம் போயிற்று. கூடவே முதுகில் இருந்த நாலு ஸ்டிக்கரின் பசை இளகி, 'ஈரத்தில் வைக்காதீர்' சறுக்கிக்கொண்டு போய்ச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சக்கரம் நின்றது. மொட்டை நின்றது.

"நான் நின்றுவிட்டேன்," என்றது, இந்தத் தடவை திக்காமல்.

"நின்னு நின்னு என் மானத்தை வாங்குறியே!" என்று ஜாக்கிரதை அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். கை வலித்தது.

"தள்ளுங்க மாப்பிள்ளை. இது நம்ம வேலை." மாமனார் வேட்டைக்குக் கிளம்புகிறவர் மாதிரி ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தார். தகட்டைக் கழற்றினார், சக்கரத்தைக் கழற்றினார், ஸ்டிக்கரைச் சுரண்டினார், எல்லாவற்றையும் மாட்டினார். உள்ளங்கையை விரித்தார்.

"இப்ப மூணு கூடுதல்," என்றார்.

அப்போது வாசல் மணி அடித்தது. மணி பத்துத்தான் ஆகியிருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்த மனைவி, "யாரோ பெரிய பையோட நிக்கிறாருங்க. காதுல பென்சில்," என்றாள்.

"அவர்தான்! ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டார்! ரூமுக்குள்ள தள்ளு! போர்வையைப் போத்து!" ஜாக்கிரதை மொட்டையைப் படுக்கையறைக்குள் தள்ளி, அந்த ஈரப் போர்வையாலேயே மூடி, மகளிடம் விரலை ஆட்டினார். "இதைத் தொடக்கூடாது. பாத்துக்க. அவ்வளவுதான்."

சோதனை அதிகாரி மெலிந்த, அமைதியான மனிதர். சோபாவில் உட்கார்ந்ததும் பதிவேட்டைக் கேட்டார். முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பிறகு கட்டைவிரலால் கடைசிவரை விசிறினார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"முப்பது நாளும் ஒண்ணுமே நடக்கலையா?"

"ஒண்ணுமே இல்ல சார்."

"யாரும் இதைத் தப்பா... அதாவது, ஒரு சின்னக் கீறல்கூட இல்லையா?"

"கீறலா? இந்த வீட்ல நகம் வெட்டும்போதுகூட ரெண்டு பேர் கூட இருப்போம் சார்."

அதிகாரி பதிவேட்டை மூடினார். காதிலிருந்து எடுத்த பென்சிலைத் திரும்பக் காதிலேயே செருகினார். "அப்ப நான் எதை வெச்சுக் கையெழுத்துப் போடுறது?" என்றார், கவலையோடு. "மன்னிச்சுக்கங்க. இந்தப் பதிவேட்டுக்கு என்னால சான்றிதழ் கொடுக்க முடியாது."

ஜாக்கிரதைக்குக் காது அடைத்துக்கொண்டது. நம்பவில்லை, இந்த மனிதர் ஒரு வரியைக்கூட நம்பவில்லை! போர்த்திய துணிக்குக் கீழே நிற்கிற இருநூறு மொட்டைத் தலை கண்முன்னால் வந்தது. அந்தத் தலைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயின்ட் அடித்த பெண், நேற்று அவர் கிளம்பும்போது, "சார், உங்களைத்தான் நம்பியிருக்கோம்," என்று சொன்னாள். மூடிய பதிவேட்டை எடுத்து மறுபடி அவர் பக்கம் நீட்டினார்.

படுக்கையறைக் கதவு திறந்தது.

ஈரப் போர்வை ஒன்று தானாக நடந்து வந்தது. அதன் உச்சியில் மகள் உட்கார்ந்திருந்தாள். "நான் தொடலப்பா," என்றாள் மேலேயிருந்து, "மேல உக்காந்தேன், அவ்வளவுதான்." போர்வை இடப்பக்கமாக வட்டம் போட்டு, சோபாவைச் சுற்றி, அதிகாரியின் முழங்காலுக்கு நாலு விரல் தள்ளி வந்து சட்டென்று நின்றது.

"நான் நின்றுவிட்டேன். தயவுசெய்து என்னைக் கவனிக்கவும்."

அதிகாரி போர்வையின் ஒரு முனையை விலக்கினார். அறுபது ஸ்டிக்கரும் மஞ்சளாகப் பளபளத்தன.

"பாப்பா தினமும் இப்படித்தான் போவாளா?" என்று கேட்டார்.

"இல்ல சார், இன்னிக்குத்தான் முதல் தடவை..." என்று ஜாக்கிரதை ஆரம்பித்தார்.

"தினமும்," என்றாள் மகள். "சில நாள் நின்னுக்கிட்டு."

பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது. மனைவி ஒரு அடி முன்னால் வந்தாள். "சார், அவர் மேல தப்பு இல்ல. நான்தான் தினமும் இது மேல ஈரத் துணி காயப்போடுவேன். வேலைக்குப் போற அவசரத்துல எனக்கு வேற வழி தெரியல. எது எழுதுறதா இருந்தாலும் என் மேல எழுதுங்க."

"தினமுமா? சொட்டச் சொட்டவா?"

"சில நாள் பிழிவேன்."

"என்னையும் எழுதிக்கங்க," என்று மாமனார் எழுந்து நின்றார், ராணுவத்தில் இருந்தவர் மாதிரி. "பதினாலு தடவை பிரிச்சிருக்கேன். இன்னிக்கு ரெண்டு தடவை, அதைச் சேத்தா பதினாறு." மூன்று ஸ்க்ரூவையும் சாட்சிக்கு மேஜை மேல் வைத்தார்.

ஜாக்கிரதை மூன்று பேரையும் பார்த்தார். தன்னைக் காப்பாற்ற வரிசையில் நிற்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டா இருபத்தொன்பது பக்கம் பொய் எழுதினோம் என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போகிற வேலை எப்படியும் போகட்டும் என்று முடிவெடுத்தார்.

"சார், பதிவேட்டுல இருக்கிறது முழுப் பொய்," என்றார். "நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் மகள் அதற்குப் பாயசம் ஊட்டியது, ஒன்பதாம் நாள் மாமனார் அதன் கையில் தன் ரேடியோ ஏரியலைச் சொருகியது, பதினேழாம் நாள் மனைவி பரணை எட்டுவதற்கு அதன் தலைமேல் ஏறி நின்றது, இருபத்திரண்டாம் நாள் அதைக் கட்டிலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு மறந்துபோனது, எல்லாம் வந்தது. அதிகாரியின் பென்சில் பறந்தது. முனை ஒடிந்து, வேறு பென்சில் எடுத்தார். ஆச்சரியம், அவர் முகத்தில் களை கட்டிக்கொண்டே போயிற்று.

"இன்னும்?" என்றார் ஒவ்வொன்றின் முடிவிலும், கதை கேட்கிற பிள்ளை மாதிரி. "ம், அப்புறம்?"

"அப்பவெல்லாம் இது என்ன பண்ணுச்சு?" என்று நடுவில் கேட்டார்.

"என்ன பண்ணும்? நின்னுடும் சார். நின்னுட்டேன், நின்னுட்டேன்னு கத்தும்."

"யாருக்காவது அடி?"

"இல்ல."

"காயம், சூடு, ஷாக்?"

ஜாக்கிரதை யோசித்தார். "காலையில நான் இதை ஒரு தட்டுத் தட்டினேன் சார். கை வலிச்சுது."

அதிகாரி எழுந்து மொட்டையைச் சுற்றி வந்தார். "பெரியவரே, இது ஓடும்போதே தகட்டைக் கழட்டுங்க பாக்கலாம்."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவரிடம் 'கழற்றாதே' என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஸ்க்ரூ டிரைவர் பட்டதும் மொட்டை நின்றது. ஈரத் துணியைப் போட்டதும் நின்றது. மகள் ஏறிக் குதித்ததும் நின்றது. அதிகாரி ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டார். அந்த டிக் அடிக்கிற வேகத்திலேயே ஒரு குதூகலம் இருந்தது.

"அதெல்லாம் சரி, இது ஏன் இடப்பக்கமாவே சுத்துது?"

"அந்த ஸ்க்ரூ சார்," என்றார் ஜாக்கிரதை.

அதிகாரி குனிந்து மொட்டையின் நெற்றியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சத்தமாக வாசித்தார். "'எந்திரத்தின் கண்ணை எக்காரணம் கொண்டும் மறைக்காதீர்கள்.' இதை யார் ஒட்டினது?"

"நான்தான் சார்."

"எங்க ஒட்டியிருக்கீங்க?"

ஜாக்கிரதை கிட்டே போய்ப் பார்த்தார்.

"இடது கண்ணு மேல, சார்."

"அப்ப ஸ்க்ரூ மேல தப்பு இல்ல," என்றார் மாமனார், முப்பத்தைந்து வருட மானம் திரும்பி வந்த குரலில்.

அதிகாரி அந்த ஸ்டிக்கரை நாலு பக்கத்திலிருந்து படம் எடுத்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்றை விழுங்கினார், பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"எடுத்துக்கங்க சார். சான்றிதழ். ஒரு கண்ணை மூடியும் யாரையும் இடிக்கலையே! என் சர்வீஸ்ல இப்படி ஒரு சோதனை பாத்ததில்ல."

ஜாக்கிரதை தாளை வாங்கினார். முத்திரையைத் தொட்டுப் பார்த்தார், மை கையில் ஒட்டியது. மனைவி அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். மகள் மொட்டை மேல் ஏறி நின்று கத்தினாள். மாமனார் மூன்று ஸ்க்ரூவையும் மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார். அதில் ஒன்று சோபாவுக்கு அடியில் போயிற்று.

முதலாளியம்மாவுக்குப் போன் செய்தபோது ஜாக்கிரதையின் குரலே மாறியிருந்தது. "கிடைச்சிடுச்சும்மா!" என்றார். மறுமுனையில் முதலாளியம்மா போனைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு முப்பத்தேழு பேரும் ஒரே குரலில் ஹோவென்று கத்தினார்கள். யாரோ தகரத்தில் தாளம் போட்டார்கள். பெயின்ட் அடிக்கிற பெண் போனை வாங்கி, "சார், சார்!" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மேலே பேச வராமல் அழுதாள். ஜாக்கிரதைக்கும் அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

பதினொரு வருடம். லிஃப்ட், வெந்நீர்க் குழாய் என்று எத்தனை கேலி! கடைசியில் பட்டறையைக் காப்பாற்றியது யார்? உண்மையைச் சொன்ன தைரியம்தான் அந்த அதிகாரியை அசைத்துவிட்டது என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. நாளைக்குப் பட்டறையில் ஒரு நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். நேர்மையைப் பற்றி ஆரம்பித்து, அப்படியே பாதுகாப்புக்கு வந்து, வீட்டுச் சூழ்நிலையில் முடிக்கலாம் என்று யோசித்து வைத்தார்.

மத்தியானம் மொட்டையை எடுத்துப் போக வேன் வந்தது. முப்பது நாளுக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போன அதே டிரைவர். இறங்கியதும் ஜாக்கிரதையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"காப்பாத்திட்டீங்க சார்! எம்பொண்டாட்டி உங்களைக் கும்பிடச் சொன்னா."

"நான் என்னப்பா பண்ணேன்," என்றார் ஜாக்கிரதை, எல்லாம் தான்தான் பண்ணினோம் என்பது தெரிகிற மாதிரி.

இருவருமாக மொட்டையை வேனில் ஏற்றினார்கள். டிரைவர் அதன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

"அன்னிக்கு வந்தப்பவே சொன்னே, இதுதான் சரியான வீடுன்னு," என்று ஜாக்கிரதை மெல்லப் பேச்சைத் திருப்பினார். "முப்பத்தெட்டு வீட்ல நம்ம வீட்டை முதலாளியம்மா எப்படித் தேர்ந்தெடுத்தாங்கன்னு உனக்குத் தெரியுமா? அன்னிக்கு ஒரு கடிதத்தை அப்படி மறைச்சாங்களே."

டிரைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். வேன் கதவைச் சாத்தினார்.

"தெரியும் சார், வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னுதான் அந்தக் கடிதத்துல இருந்துச்சு, இப்பத்தான் முப்பது நாள் முடிஞ்சிடுச்சே: மிஷினை ரொம்ப மோசமாக் கையாளுற வீடா பாத்து வெக்கணும்னு சட்டமாம், அதுக்கு அம்மா உங்க பேரை எழுதிட்டு, 'மாமனார் ஸ்க்ரூ டிரைவர் எடுத்தா நல்லதுதான், எடுக்கலைன்னாலும் கவலையில்ல, இவர் ஒருத்தரே போதும்'னு சொன்னாங்க!"